சட்டம் படித்தாயிற்று, அடுத்து எந்த ஆபீஸ்? குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

ஜூன், ஜூலை வந்தால் யாராவது ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியிலோ திருவனந்தபுரத்திலோ படிப்பை முடித்த பிள்ளை, கூடவே அப்பாவோ மாமாவோ. பிள்ளை பேசாது, மாமாதான் பேசுவார். "சென்னையில பெரிய ஆபீஸ்ல எடுக்காங்களாம், இவ நாகர்கோவில்லயே இருக்கேன்னு சொல்லுகா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்." நான் சொல்லப்போவது மாமாவுக்குப் பிடிக்காது என்று தெரியும் என்பதால் முதலில் டீ சொல்லிவிடுவேன்.

நானும் சென்னைக்குப் போனவன்தான். பதினோரு மாதம். ஆபீஸ் பெயர் வேண்டாம். ஏசி, நல்ல நாற்காலி, மாதம் பிறந்தால் சம்பளம், எல்லாம் இருந்தது. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போது அதன் ஒப்பந்தங்களை எல்லாம் படித்து அட்டவணை போடுவது என் வேலை. வாடகை ஒப்பந்தமாகவே நூற்றுக்கணக்கில் படித்திருப்பேன், ஒரு வாடகைக்காரர் முகத்தையும் பார்த்ததில்லை. கோர்ட்டுக்குள் கால் வைத்தது இரண்டே முறை, இரண்டும் சீனியருடைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு. ஒரு தடவை நான் எழுதிய குறிப்பில் பெரிய தப்பு இருந்திருக்கிறது. யாரும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, திட்டக்கூட இல்லை, அவர்களே திருத்தி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஃபைலைப் புரட்டும்போதுதான் அது எனக்கே தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்த்தேன்.

நாகர்கோவிலில் சேர்ந்து ஒன்பதாவது நாள். சீனியர் சார் பத்மநாபபுரம் சப் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார், இங்கே முன்சீப் கோர்ட்டில் எங்கள் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து நின்றேன், "பாஸ் ஓவர்" என்று, அதாவது கேஸைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று, கேட்க வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஜட்ஜ் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "எதிருரைக்கு இது எத்தனாவது வாய்தா?" என்றார். எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து குமாஸ்தா அண்ணாச்சி நாலு விரலைக் காட்டினார். "நாலு, யுவர் ஆனர்" என்றேன், அதையும் ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி சத்தமாக. கோர்ட்டே சிரித்தது. செலவுத்தொகை போட்டு கடைசி வாய்தா கொடுத்தார்கள், சாயங்காலம் சீனியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் நான் எந்தக் கோர்ட்டிலும் எழுந்ததில்லை.

சின்ன ஆபீஸுக்குப் பிள்ளைகள் வருவதற்கு வீட்டுச் சாப்பாடு, பஸ் வசதி என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் ஆள் இல்லாத ஆபீஸில் தப்பு செய்யும் வாய்ப்பு சீக்கிரம் வரும், திட்டும் கையோடு வரும். தொழில் இந்த வழியாகத்தான் கைக்கு வந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கே உள்ள விஷயம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அதனால் இங்கே ஒரு பாகப் பிரிவினை வழக்கு எடுத்தால், கட்டின் அடியில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, போட்ட பழைய பத்திரம் ஒன்று கிடக்கும், பாதி மலையாளத்தில் இருக்கும். 1112 ஐப்பசி 27 என்று போட்டிருந்தால் அது எந்த வருடம்? என் சீனியர் சொல்லித் தந்த வழி: ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டு, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்டு. சந்தேகம் வந்தால் இந்தத் தேதியையே ஆணியாக அடித்துக்கொள், அன்றைக்குத்தான் திருவிதாங்கூரில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது, 1936 நவம்பர் 12. பரம்பரையைத் தேடிப் போனால் கொல்லம் 1101-ஆம் ஆண்டு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து நிற்கும், சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி வந்து நிற்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கொல்லம் 1092-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம்: மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது மகளுக்கு. அந்தச் சட்டம் 1951-லேயே போய்விட்டது என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் மேரி ராய் வழக்கில் சொன்னது. அதனால் 'அக்காவுக்கு அன்றைக்கே நகை போட்டு அனுப்பியாச்சே' என்று வருகிற தம்பியிடம், அது மட்டும் போதாது தம்பி, அக்காவுக்கும் சம பங்கு உண்டு என்று நாம்தான் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சென்னையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்திலும் சொல்லித் தர மாட்டார்கள். தேவையும் இல்லை அவர்களுக்கு.

சரி, எந்தச் சின்ன ஆபீஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் போனை எடுங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம். நீங்கள் சேர நினைக்கிற சீனியர் பெயரைப் போட்டுப் பாருங்கள். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று ஒவ்வொரு கோர்ட்டிலும் என்னென்ன வழக்கு நடக்கிறது, சொத்து, கடன் போன்ற சிவில் அசல் வழக்கா, செக் மோசடியா, விபத்து இழப்பீடா, கிரிமினலா என்று பத்து நிமிடத்தில் ஒரு படம் கிடைக்கும். முழுக்கச் செக் கேஸ் மட்டும் என்றால் மூன்று வருடத்தில் நீங்களும் செக் கேஸ் மட்டும்தான் தெரிந்த ஆளாக இருப்பீர்கள்.

அப்புறம் ஒரு வாரம் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். சீனியர் எப்படி வாதாடுகிறார் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவருடைய ஜூனியரைப் பாருங்கள். அந்தப் பையனோ பெண்ணோ வாயைத் திறக்கிறார்களா, சாட்சியிடம் இரண்டு கேள்வியாவது கேட்க விடுகிறாரா, அல்லது கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பது மட்டும்தானா. கடைசியாகக் குமாஸ்தா. குமாஸ்தா அண்ணாச்சியோடு ஒரு டீ குடித்தால் அந்த ஆபீஸின் ஜாதகம் தெரிந்துவிடும். முன்னால் இருந்த ஜூனியர் ஏன் போனார் என்று மட்டும் கேளுங்கள், மற்றதை அவரே சொல்வார்.

சேரும்போது இரண்டு விஷயத்தை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். ஒன்று காசு. நான் சேர்ந்தபோது மாதம் 3,000 ரூபாய், அதிலும் சில மாதம் "அடுத்த மாசம் பார்ப்போம் தம்பி". இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 உதவித்தொகை தர வேண்டும் என்று சொன்னது. அதே வருடம் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. இதைச் சண்டைக்கு இழுக்கச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். கைக்காசுக்கு இன்னொரு வழி, இடத்தைப் போய்ப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் உங்களை ஆணையராகப் போடுவது. எனக்கு முதலில் வந்தது திருவட்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கையாலை (எல்லைச் சுவர்) தகராறு. சர்வேயரோடு போய், மழையில் அட்டைக்கடி வாங்கி, கையாலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அளந்து வரைபடத்தோடு அறிக்கை கொடுத்தேன். எதிர்க்கட்சி வக்கீல் அந்த அறிக்கையைப் பிய்த்து எறிந்தார். ஆனாலும் அந்த ஃபீஸில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தேன்.

இரண்டாவது, வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் வக்கீலை நியமித்துக் கையெழுத்துப் போடும் தாளில், உங்கள் பெயர். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடம் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கட்டாயமாக்கிவிட்டது. பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்த தேதியிலிருந்து கணக்கு. பத்து வருட அனுபவம் உள்ள வக்கீல் சான்று கொடுத்து, அதை நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும். வக்காலத்தில் பெயரே இல்லாமல் மூன்று வருடம் ஆபீஸ் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு, நான் தொழில் செய்தேன் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? பதிவைத் தள்ளிப் போடவும் வேண்டாம். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்சி, எஸ்டிக்கு 125, அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பே வந்தாயிற்று. அகில இந்திய பார் தேர்வையும் பதிவு செய்து இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். கம்பெனியில் சட்ட அதிகாரியாக மாதச் சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பார் கவுன்சில் விதி 49-ன்படி முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். அதை யோசித்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

விட்டு ஓடி வந்துவிட வேண்டிய ஆபீஸும் இருக்கிறது, ஊர் ஆபீஸ் என்றாலே தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். சீனியர் வீட்டுக் கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையை டியூஷனில் விடுவது முதல் மாதமே ஆரம்பித்தால் கிளம்பிவிடுங்கள். கட்சிக்காரரிடம் வாங்கிய காசுக்கு ரசீது இல்லாத இடம், மதுரைக்கு ஒரு அப்பீல்கூடப் போகாத இடம், இரண்டும் வேண்டாம். (2004-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்த பிறகும் "மேல போனா செலவு" என்று கட்சிக்காரரைப் பயமுறுத்தி அனுப்புகிறவர்கள் உண்டு.) பெண் பிள்ளைகள் தனியாக ஒன்று பார்க்க வேண்டும்: ஆபீஸ் ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், கடைசி பஸ் எப்போது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருகிற ஜூனியர் ஒருவர், சீனியர் எட்டரை மணிக்குத்தான் கட்டைப் பிரிப்பார் என்பதற்காகவே ஆபீஸ் மாறினார். அது ஒரு குறையே இல்லை.

பெரிய ஆபீஸ் யாருக்கு? கல்விக் கடன் கழுத்தை நெரிக்கிறவர்களுக்கு, மாதம் பிறந்தால் உறுதியாகக் காசு வேண்டியவர்களுக்கு. வரி, கம்பெனிச் சட்டம், மத்தியஸ்தம் என்று மனது அங்கேயே இருக்கிறவர்களுக்கும். அவர்கள் தாராளமாகப் போகட்டும், நாகர்கோவிலில் அந்த வேலை கிடைக்காது.

மற்றவர்கள் வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள். கையில் ஒரு நோட்டு போதும். மாமா வேண்டாம். கடைசி பெஞ்சில் உட்காருங்கள், யாராவது குமாஸ்தா "எந்த கேஸுக்கு மக்களே?" என்று கேட்பார். கேஸ் ஒன்றும் இல்லை அண்ணாச்சி, பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்.