பாட்காஸ்ட் கேட்கத் தொடங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படித்தே பழகியவர்கள், ஒருவர் பேசுவதை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பது பொழுதை வீணாக்கும் வேலை என்று பல ஆண்டுகள் நினைத்திருந்துவிட்டு, நண்பர் அனுப்பிய ஓர் எபிசோடை அரைமனதாகக் கேட்கத் தொடங்கி, அது முடிந்த பிறகும் காதிலிருந்து இயர்போனைக் கழற்ற மனமில்லாமல் அடுத்ததைத் தேடுவதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்த்துக் கண் களைத்தவர்கள், வீட்டு வேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிக்க அரை மணி நேரம் வாய்க்காதவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்று மாலை நடையைத் தொடங்கியவர்கள் எனப் பலரும் இப்படித்தான் இணையம் வழியே வேண்டியபோது கேட்கும் பேச்சு நிகழ்ச்சியான பாட்காஸ்டுக்குள் எதிர்பாராமல் வந்து சேர்கிறார்கள். இந்த விருப்பம் உண்மையானது. ஆனால், பலருக்கு அது இரண்டு மூன்று மாதங்களில் வடிந்துவிடுகிறது. நிகழ்ச்சிகள் மோசமாக இருப்பதால் அப்படி ஆவது குறைவு. கேட்கும் முறையில் தொடக்கத்திலேயே நேரும் சில தவறுகள் விருப்பத்தைக் கடமையாக மாற்றிவிடுகின்றன என்பதே என் எண்ணம்.

ஆர்வம் பொங்கும் முதல் வாரத்தில் கண்ணில் பட்ட நிகழ்ச்சிகளையெல்லாம் சப்ஸ்கிரைப் செய்துவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. வானொலியோடு வளர்ந்த தலைமுறைக்கு இந்தச் சிக்கலே இருந்ததில்லை. இலங்கை வானொலியின் நாடகமோ, 1941இல் தொடங்கி 2017 வரை வானொலியில் ஒலித்த பிபிசி தமிழோசையோ, அந்த நேரத்துக்கு வானொலிப் பெட்டியருகே இருந்தவர்களுக்குக் கிடைத்தது. தவறவிட்டவர்கள் அதைப் பற்றிப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது. பாட்காஸ்டில் எதுவும் கடந்து போவதில்லை, எல்லாம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். அதன் தொழில்நுட்பமே அதற்காக உருவானதுதான். 2000ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் என்னும் அமெரிக்க நிரலாளர், இணையதளங்களின் புதுப்பதிவுகளை அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்ப வழிசெய்தார். 2004இல் முன்னாள் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆடம் கரி உள்ளிட்டவர்கள் அந்தக் கோப்புகள் தாமாகவே ஐபாட் (iPod) என்னும் பாட்டுக் கேட்கும் கருவியில் வந்து இறங்கும்படி செய்தார்கள். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளிலேயே இந்த வசதியைச் சேர்த்தது. கேட்பவர் தேடிப் போகத் தேவையில்லாத அந்த வசதிதான், பதினைந்து நிகழ்ச்சிகளைச் சப்ஸ்கிரைப் செய்தவரின் போனில், கேட்கப்படாத எபிசோடுகளின் எண்ணிக்கையாக நாள்தோறும் ஏறிக்கொண்டு நிற்கிறது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ பாக்கி வைத்திருப்பது போன்ற உணர்வு தோன்றும். அந்த உணர்வு தோன்றிய பிறகு விருப்பம் அதிக நாள் நிற்காது.

ஆகவே முதல் சில மாதங்களுக்கு மூன்று அல்லது நான்கு நிகழ்ச்சிகள் போதும். தானாக டவுன்லோடு ஆகும் வசதியை நிறுத்திவிட்டு, அன்றன்று கேட்கப் போவதை மட்டும் இறக்கிக்கொள்வது நல்லது. போனின் இடம் என்ற கணக்கிலும் இது முக்கியம்: விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பதிவான ஒரு மணி நேர எபிசோடு ஏறக்குறைய 58 எம்பி பிடிக்கும், அப்படி நாற்பது எபிசோடுகள் சேர்ந்தால் 2 ஜிபிக்கு மேல் போய்விடும். கேட்காமல் விட்டதைத் தயங்காமல் அழித்துவிடலாம். வேண்டுமென்றால் அது இணையத்தில் இருக்கவே இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் இரண்டு வகையான தவறுகள் நேர்கின்றன. தொடர்கதை போன்ற நிகழ்ச்சியைச் சமீபத்திய எபிசோடிலிருந்து தொடங்குவது ஒன்று. எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கக்கூடிய நிகழ்ச்சியை முதல் எபிசோடிலிருந்து வரிசையாகக் கேட்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பது மற்றொன்று. பிபிசி ரேடியோ 4இன் 'இன் அவர் டைம்' 1998இல் தொடங்கியது. 2025 வரை மெல்வின் பிராக் அதை நடத்தினார். ஒவ்வொரு வாரமும் மூன்று பேராசிரியர்களை அமர்த்தி ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசவைத்தார். அசோகர் ஒரு வாரம் என்றால் ஒளிச்சேர்க்கை இன்னொரு வாரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எபிசோடுகள் கொண்ட அந்தக் களஞ்சியத்தில் தனக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொள்வதே முறை. வரிசையாகக் கேட்க முயன்றால் முதல் ஆண்டைத் தாண்டுவதற்குள் அலுத்துவிடும். மைக் டங்கனின் 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்' அதற்கு நேர்மாறானது. 2007 முதல் 2012 வரை 179 எபிசோடுகளாக ரோமாபுரியின் தோற்றத்திலிருந்து மேற்கு ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரை செல்லும் அந்தத் தொடரை நடுவில் திறந்தால் யார் எந்தப் பேரரசர் என்றே புரியாது. அதன் தொடக்க எபிசோடுகள் சிறியவை, எளிமையானவை. தனிமனிதர் ஒருவர் கைக்குக் கிடைத்த கருவியைக் கொண்டு கற்றுக்கொண்டே செய்தவை. அவற்றை மட்டும் கேட்டு முடிவு கட்டாமல் நான்கைந்து எபிசோடுகள் பொறுத்திருந்தவர்களுக்கே அந்தத் தொடரின் முழு வீச்சு கிடைத்தது.

எபிசோடின் நீளத்தையும் பார்க்க வேண்டும். டேன் கார்லினின் 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி'யில் முதல் உலகப் போர் பற்றிய வரிசை ஆறே எபிசோடுகள்தான் என்றாலும் மொத்தம் 20 மணி நேரத்துக்கும் மேல் ஓடும். புதிதாகக் கேட்கத் தொடங்கியவர் அதில் போய் விழ வேண்டியதில்லை. பத்து நிமிட நேர்காணல்கள், ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் வெளியிடுவது போன்ற குறுகிய தமிழ் நிகழ்ச்சிகள் ஆகியவற்றிலிருந்து காதைப் பழக்கிக்கொண்டு போவதே எளிது.

ஆங்கில நிகழ்ச்சிகளைக் கேட்கும் தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தவறு உண்டு. ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர், ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் பேச்சு பிடிபடாதபோது, தன் ஆங்கிலமே போதாது என்று எண்ணி விலகிவிடுகிறார். படித்தே கற்றவருக்கு, பேசும் ஆங்கிலம் காதுக்குப் பழகியிருக்காது, அவ்வளவுதான். வேகத்தை 0.8 அளவுக்குக் குறைத்து, ஒரே தொகுப்பாளரை இரண்டு வாரம் தொடர்ந்து கேட்டால் அந்த உச்சரிப்பு தானாகப் பிடிபட்டுவிடும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஆப்பில் 2024 மார்ச் முதல் ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு எழுத்து வடிவமும் கிடைக்கிறது. புரியாத இடத்தை மட்டும் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

வேகத்தைக் கூட்டுவது இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறு. காணொளிப் பாடங்களை இரு மடங்கு வேகத்தில் பார்த்தாலும் புரிதல் பெரிதாகக் குறைவதில்லை என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2021இல் கண்டறிந்தார்கள். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது பயனுள்ள செய்தி. செய்தி அலசலை 1.25 வேகத்தில் கேட்பதால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால், மகனை இழந்த தாய் பதில் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் மூன்று விநாடி மௌனத்தை, இடைவெளிகளைத் தானாக வெட்டும் வசதி ஒரு நொடிக்கும் குறைவாகச் சுருக்கிவிடும். அந்த மூன்று விநாடிக்காகத்தான் அது எழுத்தில் வராமல் ஒலியில் வந்திருக்கிறது. எத்தனை எபிசோடு முடித்தோம் என்ற கணக்கைப் பார்ப்பவர்களுக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது என்பதுதான் வருத்தம்.

எந்த வேலையோடு சேர்த்துக் கேட்பது என்பதும் யோசித்துத் தீர்மானிக்க வேண்டியதே. முருங்கைக்கீரை உருவுவது, துணி மடிப்பது, பாத்திரம் துலக்குவது போன்ற வேலைகளில் கைக்கு வேலை இருக்கிறது, சொல்லுக்கு வேலை இல்லை. கீரைக்காம்பைப் பிடித்து இலையை உருவிக்கொண்டே கேட்கும்போது, ஒரு வரலாற்றாசிரியர் வரிசையாகச் சொல்லும் பெயர்களும் ஆண்டுகளும் ஆச்சரியமாக மனதில் தங்கும். அதே நேரத்தில் சில்லறை எண்ணத் தொடங்கினாலோ, வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி பதில் எழுதினாலோ, அந்த ஒரு நிமிடத்தில் சொல்லப்பட்ட எதுவும் காதில் ஏறியிருக்காது. ஏனென்றால் எழுதுவதும் கேட்பதும் மொழி என்ற ஒரே திறனைப் பங்குபோட வேண்டியிருக்கிறது. கணக்கு, மின்னஞ்சல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் ஆகியவற்றோடு பாட்காஸ்டை ஓடவிடுபவர்கள் இரண்டையும் அரைகுறையாகச் செய்துவிட்டு, 'கேட்டது எதுவும் நினைவில் நிற்பதில்லை' என்று குறைப்படுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவது குரலை நம்பிவிடுவதைத்தான். காதுக்குள் நேரடியாகப் பேசும் குரல், நாலைந்து மாதங்களில் வீட்டு மனிதரின் குரலைப் போல ஆகிவிடுகிறது. தயக்கமும் சிரிப்பும் பெருமூச்சும் சேர்ந்து வரும் பேச்சில், ஆதாரம் எங்கே என்று கேட்கும் மனம் தளர்ந்துவிடும். நியூயார்க் டைம்ஸ் 2018இல் வெளியிட்ட 'காலிஃபேட்' என்னும் தொடர், ஐஎஸ் என்னும் பயங்கரவாத அமைப்பில் சேர்ந்து கொலைகள் செய்ததாகச் சொன்ன கனடா இளைஞர் ஒருவரின் வாக்குமூலத்தை மையமாகக் கொண்டது. கேட்டவர்கள் உறைந்துபோனார்கள், அமெரிக்காவின் உயரிய ஒலிபரப்பு விருதுகளில் ஒன்றான பீபடி விருதும் அதற்குக் கிடைத்தது. 2020 செப்டம்பரில் கனடா காவல்துறை அந்த இளைஞரைப் பொய்யாகப் பீதி கிளப்பிய குற்றச்சாட்டில் கைதுசெய்தது. அந்த ஆண்டு டிசம்பரில், அவர் சொன்னவற்றைப் போதிய அளவு சரிபார்க்கவில்லை என்று அந்த நாளிதழ் ஒப்புக்கொண்டு விருதைத் திருப்பிக் கொடுத்தது. இவ்வளவு பெரிய நாளிதழின் ஆசிரியர் குழுவையே ஒரு குரல் நம்பவைத்திருக்கிறது என்னும்போது, பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்னும் அமெரிக்க நிகழ்ச்சி, சீனத் தொழிற்சாலைகளைப் பற்றி 2012 ஜனவரியில் ஒலிபரப்பிய ஒரு நாடகக் கலைஞரின் கூற்றில் கற்பனைகள் கலந்திருப்பதை அறிந்ததும், அந்த மார்ச்சிலேயே அதைத் திரும்பப் பெற்று, எது பொய், தாங்கள் எங்கே சரிபார்க்கத் தவறினோம் என்பதை ஒரு முழு எபிசோடாகவே விளக்கியது. பிழையை ஒப்புக்கொண்டு திருத்தும் வழக்கம் தான் கேட்கும் நிகழ்ச்சிக்கு இருக்கிறதா என்பதைக் கேட்பவர் கவனிக்க வேண்டும். தமிழில் உடல்நலமும் முதலீடும் பேசும் நிகழ்ச்சிகள் பெருகியிருக்கும் இந்நாளில் இது இன்னும் அவசியம். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குரல் எவ்வளவு கனிவாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பங்குச்சந்தை ஆலோசனை சொல்பவர், இந்தியப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்பதைச் செபியின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். தொகுப்பாளர் தன் சொந்த அனுபவத்தைப் போல நடுவில் சொல்லும் பரிந்துரை பல நேரங்களில் பணம் பெற்று வாசிக்கும் விளம்பரம் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காதுக்கு வரும் கேடு மெதுவாக வருவதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபலுக்குப் போனால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகக் குறைந்துவிடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேருந்தின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்த எல்லையை வெகு சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் இருந்தால் குறைந்த ஒலியிலேயே பேச்சு தெளிவாகக் கேட்கும். சாலையைக் கடக்கும்போதும், தண்டவாளத்துக்கு அருகில் நடக்கும்போதும், இருசக்கர வாகனம் ஓட்டும்போதும் இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றிவிட வேண்டும். இதில் விதிவிலக்குக்கு இடமே இல்லை. தூக்கத்துக்கு முன் கேட்பவர்கள் இருபது நிமிடத்தில் தானாக நின்றுவிடும் டைமரை வைத்துக்கொண்டால், மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடும் வேலையும் இருக்காது.

கடைசியாக, ஆண்டுக்கணக்கில் சேர்த்த நிகழ்ச்சிப் பட்டியலை ஒரே நிறுவனத்தின் ஆப்பை நம்பி விட்டுவைப்பதும் தவறுதான். ஸ்டிச்சர் என்னும் பாட்காஸ்ட் ஆப் 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் நிறுத்தப்பட்டது. அவகாசம் இருந்தபோதே பட்டியலை எடுத்து வைக்காதவர்கள் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதாயிற்று. ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் போன்ற ஆப்கள் முழுப் பட்டியலையும் ஓபிஎம்எல் என்ற சிறு கோப்பாக எடுத்துத் தருகின்றன. அதே கோப்பைப் பெரும்பாலான பிற பாட்காஸ்ட் ஆப்களில் ஏற்றினால் எல்லா நிகழ்ச்சிகளும் அப்படியே வந்துவிடும். செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட்' என்ற இடத்தில் இந்த வசதி இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பை எடுத்துத் தன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால் போதும்.