கருவிலேயே முதுகு ஆபரேஷன்: எந்த டாக்டரிடம் எதைக் கேட்பது

அனாமலி ஸ்கேனில் (கருவின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் ஸ்கேன்) குழந்தைக்கு ஸ்பைனா பைஃபிடா, அதாவது முதுகுத்தண்டு மூடாமல் திறந்திருப்பது தெரிந்தால், முதலில் வாரக் கணக்கைப் பாருங்கள். கர்ப்பப்பைக்குள் செய்யும் ஆபரேஷன் 26 வாரம் நிறைவதற்குள் முடிய வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் பனிக்குட நீர்ச் சோதனையும் அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும் என்பதால், யோசிக்க நாள் அதிகம் இருக்காது.

டாக்டர்கள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் 2011-ல் வெளியான அமெரிக்காவின் 'மாம்ஸ்' ஆய்விலிருந்து வருபவை. இரண்டரை வயதில் துணையின்றி நடந்த குழந்தைகள், கருவில் ஆபரேஷன் செய்தவர்களில் 42%. பிறந்த பின் செய்தவர்களில் 21%. "நடக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு" என்பார் ஒருவர். "பாதிக்கு மேல் நடக்கவில்லை" என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே கணக்குதான். ஒருவர் குழந்தையைப் பார்க்கிறார், மற்றவர் தாயைப் பார்க்கிறார். அதனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசுங்கள்.

நரம்பியல் சர்ஜனிடம்: பிளவு எந்த எலும்பில் தொடங்குகிறது, கால் அசைகிறதா, மூளையின் நீர் அறை எத்தனை மி.மீ.? கருவில் செய்தவர்களில் முதல் வயதுக்குள் ஷன்ட், அதாவது மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய், தேவைப்பட்டது 40%, மற்றவர்களில் 82%. ஆனால் நீர் அறை 15 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் இந்தப் பலன் கிட்டத்தட்ட இல்லை. இதை அவராகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மகப்பேறு டாக்டரிடம்: கர்ப்பப்பையில் வெட்டு எங்கே விழும்? திறந்த ஆபரேஷனில், அதாவது கர்ப்பப்பையை வெட்டித் திறந்து செய்வதில், வழக்கமான சிசேரியன் வெட்டு விழும் இடத்துக்கு மேலே விழும். இந்தப் பிரசவமும் இனி வரும் எல்லாப் பிரசவமும் வலி எடுக்கும் முன்பே சிசேரியன்தான். வலி எடுக்க விட்டால் தழும்பு கிழியலாம். பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும் சாதாரணமாக நடப்பது.

பச்சிளம் குழந்தை டாக்டரிடம்: அந்த ஆய்வில் பிரசவம் சராசரியாக 34 வாரத்திலேயே நடந்தது, மற்றவர்களுக்கு 37. 30 வாரத்துக்கு முன் பிறந்தவை 13%. அத்தனை சிறிய குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கே வசதி இருக்கிறதா?

ஃபீட்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வைத்துத் துளை வழியே செய்யும் இடத்தில் மேலே சொன்ன எண்களை அப்படியே பொருத்தாதீர்கள். அவை திறந்த ஆபரேஷனுக்கானவை. "இங்கே இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை குழந்தைகள் 34 வாரம் தாண்டின?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் இன்னொரு இடம் பாருங்கள்.

மாமியார், கணவர் இல்லாமல் ஒருமுறையாவது தாய் தனியாக டாக்டரிடம் பேசட்டும். கத்தி படுவது அவர் உடம்பில். கருவில் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானால், பிறந்த 2 நாளுக்குள் முதுகை மூட எந்த ஆஸ்பத்திரி என்பதை அன்றே பேசி வையுங்கள்.