கேம் எடிற்றருக்குள் அசெற் திரையை அமைப்பது எப்படி

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றைக் களமாக வைத்து ஒரு கேம் செய்கிறார்கள் என்று வையுங்கள். பனை, கிடுகு வேலி, சங்கடப்படலை, துலா, சைக்கிள், கோயில் மணிச்சத்தம் என்று சேர்ந்து 2000 கோப்பு வந்துவிடும். இப்படிக் கேமுக்குள் போகும் படம், மொடல், ஒலிக் கோப்புகள்தான் அசெற். அவற்றைத் தேடியெடுக்கும் திரையை, கேமைக் கட்டும் மென்பொருளான எடிற்றரின் அடியில் ஒரு ஒடுங்கிய பட்டையாக ஒட்டிவிடுவதுதான் பலர் விடும் முதல் பிழை. அதை முழுத்திரைக்கும் விரிக்கக்கூடியதாகக் கொடுங்கள்.

ஆனால் திரையை வரைய முன், ஒவ்வொரு அசெற்றையும் எடிற்றர் எதை வைத்து அடையாளம் காணும் என்பதை முடிவுசெய்ய வேண்டும். கோப்பு இருக்கும் பாதையையே அடையாளமாக வைத்தால், யாராவது 'வேலி' என்ற கோப்புறையை 'வேலிகள்' என்று மாற்றிய அன்றே காட்சிகள் எல்லாம் உடையும். ஒவ்வொரு அசெற்றுக்கும் 128 பிற் எண் ஒன்றைக் கொடுத்து, பக்கத்திலேயே ஒரு சிறிய மெற்றா கோப்பில் எழுதுங்கள். யுனிற்றி என்ற கேம் எஞ்சின் செய்வது இதைத்தான். மெற்றா கோப்பு, குழுவின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிற்றுக்குள் போகவேண்டும். தேடலுக்கான அட்டவணையும் சிறுபடங்களும் போகக்கூடாது, அவற்றை எப்போதும் திரும்ப உருவாக்கலாம்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, எடிற்றருக்கு வெளியே கோப்பை மட்டும் நகர்த்திவிட்டு மெற்றாவை விட்டுவிடுவது. கோப்பு மறைந்தவுடன் 'காணவில்லை' என்று சிவப்புக் காட்டாமல் இரண்டு விநாடி பொறுங்கள். அதே உள்ளடக்க ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும், கைரேகை போன்ற எண்) உள்ள கோப்பு வேறு இடத்தில் தோன்றினால் பழைய எண்ணை அதற்கே கொடுங்கள். மற்றது, படலையை மெற்றாவோடு சேர்த்துப் பிரதியெடுப்பது. ஒரே எண்ணில் இரண்டு படலை. அட்டவணைக்கு ஏற்கெனவே தெரிந்த பாதையில் இருப்பது எண்ணை வைத்துக்கொள்ளட்டும், புதியதற்குப் புது எண் போடுங்கள். சத்தமில்லாமல் செய்யவேண்டாம், ஒரு வரியில் அறிவியுங்கள்.

இனித் திரை. 1366 × 768 மடிக்கணினியைக் கீழெல்லையாக எடுங்கள். இடப்பக்கம் கோப்புறை மரத்துக்கு 240 பிக்சல், வலப்பக்கம் விவரங்களுக்கு 320. நடுவில் 806 மிஞ்சும். 128 பிக்சல் சிறுபடமும் 16 பிக்சல் இடைவெளியும் என்றால் ஐந்து நிரல். வலப்பக்கத்தை மடித்தால் ஏழு.

128 × 128 சிறுபடம் ஒன்று நினைவகத்தில் 64 கிலோபைற். 2000 படமும் ஒன்றாக ஏறினால் 125 மெகாபைற். ஆகவே கண்ணுக்குத் தெரியும் வரிசைகளையும் மேலே கீழே இரண்டு வரிசைகளையும் மட்டும் ஏற்றுங்கள். சேமித்த சிறுபடத்தின் சாவியில் உள்ளடக்க ஹாஷோடு இறக்குமதி அமைப்பையும் (கோப்பை எடிற்றருக்குள் எப்படி எடுப்பது என்ற தெரிவுகளையும்) சேர்க்க மறக்கவேண்டாம். இல்லையென்றால் அமைப்பை மாற்றியபிறகும் பழைய படமே நிற்கும்.

சிறுபடம் பொய்யும் சொல்லும். 20 மீற்றர் பனையும் ஒரு முழ உயரக் குடமும் சட்டத்துக்குள் ஒரே அளவாய்த்தான் தெரியும். மொடலின் உயரத்தை மூலையில் எழுதிவிடுங்கள். மொடலின்மேல் ஒட்டும் படமான ரெக்ஸ்சருக்கு நினைவக எடை முக்கியம்: 4096 × 4096 படம் சுருக்காமல் 64 மெகாபைற், மிப்மாப் (தூரத்தில் காட்டுவதற்கான சிறிய பிரதிகள்) சேர்ந்தால் 85 அளவில். டிஸ்கில் அது 3 மெகாபைற் ஜேபெக்காக இருக்கலாம்; ஓவியரை ஏமாற்றுவது அந்த 3தான்.

தேடல் பெட்டியில்தான் தமிழ் கழுத்தைப் பிடிக்கும். 'கொட்டில்' என்பதன் முதலெழுத்தை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் அரவும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. பெயரையும் தேடுசொல்லையும் யூனிகோட்டின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டுகிறவர்களை அது காப்பாற்றாது. அதற்குத் தனியாக ஒரு விதி எழுதவேண்டும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய குறிப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், இறக்குமதியின்போதே மாற்றிவிடுங்கள். கோப்புப் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தாலும் வின்டோஸில் ஓடிய படலை, இரண்டையும் வேறாகப் பார்க்கும் லினக்ஸில் கிடைக்காமல் போவது பழைய கதை. காட்டும் பெயரும் குறிச்சொற்களும் தமிழில் தனியாக இருந்தால் போதும்.

அழிப்பதற்கு முன் 'இதை யார் பயன்படுத்துகிறார்கள்' என்ற பட்டியலைக் காட்டுங்கள். ஒருவரும் இல்லையென்றால் 'பயனற்றது' என்று எழுதவேண்டாம். 'நேரடி இணைப்பு இல்லை' என்று எழுதுங்கள். புரோகிராமுக்குள் பெயரைச் சொல்லி ஏற்றும் ஒலிகள் எந்த இணைப்புப் பட்டியலிலும் வராது. அழித்தது எடிற்றரின் குப்பைக் கோப்புறைக்குள் மெற்றாவோடு சேர்ந்து போகட்டும், திரும்ப எடுத்தால் பழைய எண்ணோடு வரும்.

ஒரு கிளையிலிருந்து (வேலையின் இன்னொரு பதிப்பிலிருந்து) மற்றதற்கு மாறும்போது கிற் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரேயடியாக மாற்றும். ஒவ்வொன்றுக்கும் இறக்குமதியைத் தொடங்கினால் எடிற்றர் உறைந்துவிடும். 500 மில்லிவிநாடி அமைதி வந்தபிறகு தொகுப்பாகத் தொடங்குங்கள்.

கடைசியாக, எழுதும்போதே கரண்ட் போவது. மெற்றாவை நேரே அதன்மேல் எழுதாமல் தற்காலிகக் கோப்பில் எழுதி, டிஸ்குக்குப் போனதை உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்றுங்கள். சோதிக்க நேரான வழி இது: 200 மொடல் இறக்குமதியாகும்போது பற்றரி இல்லாத கணினியின் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பப் போட்டதும் பாதி எழுதிய மெற்றா ஒன்றாவது கிடந்தால், இன்னும் வேலை இருக்கிறது.