சுவாமிமலைப் பட்டறையில் சிலை சொல்லிச் செய்ய

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை சுமார் 8 கிலோமீட்டர். முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், டிரைவர் நிறுத்துகிற கடையில் ஏறி, அலமாரியில் இருக்கும் ஐம்பொன் சிலையை வாங்கிவிடுகிறார்கள். டிரைவர் கமிஷனும் கடை லாபமும் போக மிச்சம்தான் உளி பிடித்தவருக்கு. காசு அவர் கைக்கே போக வேண்டுமென்றால் பட்டறையில் சொல்லிச் செய்வதே வழி. அதற்கு இரண்டு தடவை போக வேண்டும்: மெழுகுச் சிலையைப் பார்க்க ஒன்று, சிலையை எடுத்துவர இன்னொன்று.

முதலில் தஞ்சாவூரில், தமிழக அரசின் கைவினைப்பொருள் கடையான பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலையை ஒரு பார்வை பாருங்கள். வார்ப்பையும், அதாவது உலோகம் ஊற்றுவதையும் பார்க்க ஆசையென்றால், அது என்றைக்கு என்று பட்டறைக்கு போன் செய்து கேளுங்கள். உலை தினமும் எரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அச்சு மண் காய்வதே பெரும்பாடு. தை பிறந்த பிறகு போவது நல்லது.

தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் கலந்த மெழுகில்தான் உருவம் பிறக்கிறது. தென்னையோலைக் கீற்றை மடித்து அளவு எடுப்பார்கள். சிவன், திருமாலுக்கு உத்தம தச தாலம் என்ற சிற்ப அளவு முறை, அதாவது உயரம் 124 பங்கு. முகம், விரல், ஆயுதம் எதில் மாற்றம் வேண்டுமென்றாலும் இந்தக் கட்டத்திலேயே சொல்லுங்கள். உலோகமான பிறகு கேட்டால் செதுக்கிக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூடவே மெழுகின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே வெற்றிடமில்லாத கன வார்ப்பில் சிலை அதைப்போல் ஏறத்தாழ 8 முதல் 10 மடங்கு இருக்கும். மிகவும் குறைந்தால் உள்ளே பொள்ளல். அலங்காரத்துக்கு அது போதும், ஆனால் கன வார்ப்பு விலை கொடுக்காதீர்கள்.

மெழுகின் மேல் காவிரி வண்டலை நைசாக அரைத்துப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். வெயிலில் மெழுகு இளகிவிடும். மேலே கனமான மண் பூச்சு, பெரிய சிலைக்கு இரும்புக் கம்பிக் கட்டு. சூடாக்கியதும் மெழுகு ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம் இறங்கும். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி உலோகத்தைத் தெறிக்க விடும். அச்சு ஆறியிருந்தால் உலோகம் சிலையின் விரல் நுனி வரை போகாமல் உறைந்துவிடும். எனவே தள்ளி நில்லுங்கள், நைலக்ஸ் துணி வேண்டாம், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஊற்றும்போது பேச்சும் கொடுக்காதீர்கள்.

அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், ஆகவே ஒன்றைப்போல் இன்னொன்று வராது. அச்சடித்தாற்போல் பத்துப் பிள்ளையார் வரிசையாக நின்றால் அது பெரும்பாலும் மணல் வார்ப்புப் பித்தளை. ஐம்பொன் என்றாலும் பெரும்பங்கு செம்புதான். தங்கம், வெள்ளி பெயருக்கு. வேண்டுமானால் உங்கள் பொட்டுத் தங்கத்தை நீங்களே கொண்டுபோய் உருக்கும்போது போடச் சொல்லலாம்.

முன்பணத்தில் கை இறுக்காதீர்கள். செம்பு வாங்க வேண்டியவர் அவர். உயரம், எடை, வார்ப்பு வகை, தேதி நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். மெழுகு உருவத்தைப் படம் பிடித்து வேறிடத்தில் மலிவாகச் செய்யக் கொடுப்பது திருட்டுதான். வாங்காமல் வேடிக்கை மட்டும் பார்த்தாலும், வேலையை நிறுத்தி விளக்கிய நேரத்துக்குக் காசு கொடுங்கள்.

வெளிநாடு கொண்டுபோவதானால், பழஞ்சிலை மாதிரி பச்சைக் களிம்பு ஏற்றச் சொல்லாதீர்கள், சுங்கத்தில் சிக்கும். நூறாண்டு கடந்த சிலைகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உங்களுடையது அப்படியல்ல என்ற சான்றிதழை, ரசீதும் புகைப்படங்களும் கொடுத்து, இந்தியத் தொல்லியல் துறையிடம் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.