அமெரிக்காவின் ஆரம்பகாலச் செப்புக்காசுகள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள் என்று எல்லோரும் சொல்லியாயிற்று. கனெக்டிகட், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மாநிலங்களும் அப்போது தனிக் குடியரசாக இருந்த வெர்மான்ட்டும் 1785க்கும் 1788க்கும் இடையில் அடித்த காசுகளில் புதிதாக இறங்குபவர்கள் பணத்தைத் தொலைப்பது வேறு இடங்களில். இவை சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவைதான்; ஆனாலும் சேகரிப்பாளர் வழக்கில் இவற்றுக்கும் காலனிக் காசு என்றே பெயர்.

காசோடு வரும் சீட்டில் எழுதிய வகை எண்ணுக்குப் பணம் கொடுப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் பத்து நிமிடம் செலவழித்தால் தவிர்த்துவிடலாம்.

கனெக்டிகட் காசில் மட்டும் அச்சு வேறுபாட்டைக் கொண்டு முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். மில்லர் என்பவர் வகுத்த பட்டியல் முறைப்படி முன்பக்க அச்சுக்கு ஓர் எண், பின்பக்க அச்சுக்கு ஓர் எழுத்து. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வகை. அன்றைய அக்கசாலையில் ஒரே முன்பக்க அச்சைப் பல பின்பக்க அச்சுகளோடு மாற்றி மாற்றிப் பூட்டி அடித்தார்கள். அதனால் ஒரே தலையோடு எங்கும் கிடைக்கும் ஜோடியும் இருக்கும், விரல்விட்டு எண்ணக்கூடிய ஜோடியும் இருக்கும். விற்பவர் தலைப்பக்கத்தை மட்டும் படத்தோடு ஒப்பிட்டு அரிய ஜோடியின் எண்ணைச் சீட்டில் எழுதிவிடுகிறார். வாங்குபவரும் காசைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

1787 காசுகளில் எழுத்துப்பிழை வகைகள் இன்னொரு பொறி. காசில் பொறித்த 'ஆக்டோரி' (AUCTORI) என்ற சொல்லில் 'டி' (T) வர வேண்டிய இடத்தில் 'ஐ' (I) விழுந்த அச்சு உண்டு. 'கனெக்' (CONNEC) என்பதில் 'ஈ'க்குப் (E) பதில் 'எஃப்' (F) விழுந்ததும் உண்டு. இவற்றுக்குக் கூடுதல் விலை. ஆனால் 'டி'யின் மேல்கோடு விளிம்பை ஒட்டி இருப்பதால், காசு சற்று விலகி அடிபட்டாலோ விளிம்பு தேய்ந்தாலோ அதுதான் முதலில் போகும். மிஞ்சுவது பார்வைக்கு 'ஐ'. பக்கத்து எழுத்துகளின் தலையைப் பாருங்கள். அவையும் வெட்டுப்பட்டிருந்தால் நீங்கள் பார்ப்பது கோடு தேய்ந்த 'டி'தான். பக்கத்து எழுத்துகள் முழுசாக இருந்து, நடுத்தண்டின் மேல்நுனி குட்டையாக, சுத்தமாக முடிந்திருந்தால் மட்டும் மேற்கொண்டு சோதியுங்கள்.

சோதிக்கும் முறை இது. 7 அல்லது 10 மடங்கு லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். தலைப்பக்கத்தில் இலைமாலையின் நுனி எந்த எழுத்தை நோக்குகிறது, சொற்களுக்கு நடுவே உள்ள பூக்குறிகள் எழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் அமர்ந்த பெண் ஏந்திய கிளையின் நுனி எங்கே முடிகிறது, ஆண்டு இலக்கங்களின் இடைவெளி எப்படி என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது இரண்டு அடையாளமாவது அச்சுப்படத்தோடு பொருந்த வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் அது அந்த வகை அல்ல. அச்சு விரிசல் தெரிந்தால் நல்ல சாட்சி. தெரியாவிட்டால் கவலை வேண்டாம், விரிசல் விழுமுன் அடித்த காசாக இருக்கலாம்.

எல்லாம் பொருந்தினாலும் அரிதென்பதற்காக அள்ளிக் கொடுக்காதீர்கள். எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும் அருமை அளவுகோலில் ஆர்-6 என்றால் 13 முதல் 30 காசுகள், ஆர்-7 என்றால் 4 முதல் 12. ஆனால் கனெக்டிகட் வகைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பவர்கள் மிகச் சிலர். இருபது காசு உள்ள வகையைப் பத்துப் பேர்தான் தேடுகிறார்கள் என்றால் விலை எங்கிருந்து ஏறும்? எளிய வகையானாலும் பழுப்பு நிறம் சீராக, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் காசு சீக்கிரம் கைமாறும்.

அச்சின் பலவீனத்தைத் தேய்மானம் என்று எண்ணுவது

1787 வெர்மான்ட் 'பிரிட்டானியா' காசைப் பாருங்கள். தலைப்பக்கம் தெளிவாக இருக்கும், பின்பக்கம் பாதி அழிந்தது போல இருக்கும். பின்பக்கத்துக்குப் பயன்பட்ட அச்சே அப்படி. அடித்த அன்றும் அது மங்கல்தான். இப்படிப்பட்ட காசுகளைத் தலைப்பக்கத்தின் கன்னத்தையும் முடியையும் வைத்துத்தான் தரம் பார்க்க வேண்டும்.

எடையை மட்டும் நம்புவது

சட்டப்படி கனெக்டிகட் காசு 144 கிரெயின் (சுமார் 9.33 கிராம்), நியூ ஜெர்சி 150 (9.72), மாசசூசெட்ஸ் சென்ட் 157.5 (10.2). வெர்மான்ட் 160இல் தொடங்கிப் பிறகு 111க்கு இறங்கியது. நடைமுறையில் செம்பைக் குறைத்தால் அடிப்பவருக்கு லாபம், அதனால் எடை குறைந்த அசல் காசுகள் ஏராளம். எடையை விளிம்போடு சேர்த்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு ஓடினால் அது மின்பூச்சு நகலாகவோ வார்ப்பாகவோ இருக்கும். வார்ப்பில் எழுத்தோரங்கள் மழுங்கி, எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றுப் பரப்பில் சின்னச் சின்னப் பருக்கள் தெரியும்.

மேலடித்த காசைச் சேதம் என்று ஒதுக்குவது

நியூ ஜெர்சி காசுகளில், மாரிஸ் என்பவரின் பட்டியலில் 56-என் என்று எண்ணிட்ட வகையில் பல, வேறு காசுகளின் மேலேயே அடிக்கப்பட்டவை. முன்பக்கத்தில் உள்ள குதிரைத் தலைக்கடியில் இன்னொரு காசின் எழுத்து நீட்டிக்கொண்டிருந்தால் அது கீறல் அல்ல. அடிக்காசு எது என்று கண்டுபிடிக்க முடிந்தால் அதற்குத் தனி மதிப்பு.

பிவிசி உறை

வேண்டாம். மைலார் என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை போதும்.

எல்லாப் பச்சையையும் சுரண்டுவது

கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சை நிறம் காசின் தோல். அதைத் தொடாதீர்கள். பொடிபொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்புதான் செம்பைத் தின்னும். காசை மினரல் ஆயிலில் சில நாள் ஊறவைத்து, லென்ஸுக்கு அடியில் ரோஜா முள்ளால் அந்த இடத்தை மட்டும் கிளறி எடுங்கள். ஊசி, கம்பி எதுவும் கூடாது. களிம்பு போன இடத்தில் குழி தெரியும்; அந்தக் குழியை மறைக்க நிறம் ஏற்றினால், அடுத்து வாங்குபவர் அதையும் கண்டுபிடித்து விலையை இன்னும் குறைப்பார்.