கல்லூரியில் கொரிய மொழி படிக்கப் போகிறீர்களா? நடுவில் ஆங்கிலம் வேண்டாம்

முதல் ஆண்டு முழுக்க என் நோட்டில் இரண்டு பத்திகள்தான் இருந்தன. இடது பக்கம் கொரிய வாக்கியம், வலது பக்கம் அதன் ஆங்கில அர்த்தம். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் விளக்கியது, வகுப்பும் ஆங்கிலத்தில் நடந்தது, நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டாம் பருவத் தேர்வில் 'நான் படித்த புத்தகம்' என்ற தொடரை ஆங்கிலத்தில் கொடுத்து, கொரியத்துக்கு மாற்றச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வரும், படித்தது பின்னால் வரும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

விடை 'நேகா இல்குன் சேக்'. நேகா என்றால் நான், இல்குன் என்றால் படித்த, சேக் என்றால் புத்தகம். தமிழில் என்ன வரிசையோ அதே வரிசை. திருப்புவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை! அன்று இரவு நோட்டில் ஆங்கிலப் பத்தியை அடித்துவிட்டுத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். இந்தப் பாடத்தில் சேரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

சேர்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொரியப் பல்கலைக்கழகங்களின் மொழிப் பயிற்சி மையங்களில் பொதுவாக ஆறு நிலைகள் உண்டு. ஒரு நிலைக்கு 10 வாரம், 200 மணி நேரம். உங்கள் கல்லூரியில் வாரம் நாலு மணி நேர வகுப்பு என்றால், 15 வாரப் பருவத்துக்கு 60 மணி நேரம்தான் தேறும். அதாவது மூன்று பருவம் படித்தாலும் அங்கே ஒரு நிலைக்கான நேரம் நிறைவதில்லை. பாடத்திட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல் இந்த மணிக்கணக்கைக் கேளுங்கள். குறைவாக இருந்தால் சேரக் கூடாது என்பதில்லை, மீதியை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். கொரிய அரசு ஆதரவில் நடக்கும் செஜோங் ஹக்தாங் மையங்களின் இணையவழிப் பாடங்கள் இதற்குக் கைகொடுக்கும்.

சரி, எழுத்து. ஹங்குல் எழுத்தை மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்டார். அடிப்படை மெய் 14, அடிப்படை உயிர் 10. க ஒலிக்கான எழுத்து, தொண்டைப் பக்கம் உயரும் நாக்கின் வடிவம். ம ஒலிக்கான சதுரம் வாயின் வடிவம். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும். உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு இதில் புதுமை இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க இரண்டு மூன்று நாள் போதும். விசைப்பலகையில் மெய்யெல்லாம் இடது கைக்கு, உயிரெல்லாம் வலது கைக்கு. முதல் வாரமே தட்டச்சும் பழகிவிடுங்கள்.

ரோமன் எழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கத்தை மட்டும் தொடவே வேண்டாம். தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதும் ஆபத்துதான். (இங்கே எனக்கு வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) காரணம் கேளுங்கள். நிலாவுக்குக் கொரியத்தில் தல். முகமூடிக்கும் தல். மகளுக்கும் தல். தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று, அவர்களுக்கு மூன்றும் வேறு வேறு. எனக்குப் பிடிபட்டது ஒரு மெல்லிய காகிதத்தால்தான். வாய்க்கு முன்னால் ஒரு விரல் தூரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். முகமூடி என்று சொல்லும்போது காகிதம் பறக்க வேண்டும், குரலும் கொஞ்சம் மேலே ஏறும். நிலா என்று சொல்லும்போது லேசாக ஆடினால் போதும், குரல் தாழ்வாகத் தொடங்கும். மகள் என்று சொல்லும்போது காகிதம் அசையவே கூடாது. அது எப்படி வரும் என்றால், 'பத்து' என்பதில் இருக்கும் த்த ஒலியை மட்டும் பிடுங்கி, சொல்லின் தொடக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது. கூட இருந்தவர்கள் பொறுமைசாலிகள்.

மற்ற சில ஒலிகள் நமக்கு இனாம். ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறும் ஓர் உயிர் உண்டு, உதடு குவியாத உகரம். 'காசு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் வருகிறதே, அந்தக் குற்றியலுகரம்தான் அது. பஸ்ஸை நாம் பஸ்ஸு என்கிறோம், அவர்கள் பொஸு என்கிறார்கள். கேக்கு அவர்களுக்கும் கேய்க்கு. காப்பி அங்கே கொப்பி. அதேபோல, தமிழில் ககரம் சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் நடுவில் வேறு மாதிரியும் ஒலிப்பது போலவே அங்கும். இறைச்சிக்கான கொகி என்ற சொல்லில் முதல் எழுத்து வல்லோசை, நடுவில் இருப்பது 'அகம்' போலத் தளர்ந்து வரும். எழுத்து ஒன்றேதான்.

புணர்ச்சி விதியைப் பள்ளியில் திட்டிக்கொண்டே படித்திருப்பீர்கள், இங்கே அது உதவிக்கு வரும். மெய்யில் முடியும் கட்டத்தை அடுத்து உயிர் வந்தால் மெய் அதன்மேல் ஏறிக்கொள்ளும். மெய்யை அடுத்து மெய் வந்தாலும் ஒலி மாறும்: நன்றி சொல்வதை எழுதும்போது காம்-சா-ஹப்-நி-தா, வாசிக்கும்போது காம்சாஹம்னிதா. பின்னால் வரும் நகரம் முன்னால் இருக்கும் பகரத்தை மகரமாக்கிவிடுகிறது.

இலக்கணத்தில் தமிழ் இன்னும் தாராளமாக உதவும். 'மொகொ பொசேயோ' என்பதற்கு என் புத்தகம் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தது. தமிழில் இரண்டே சொல்: சாப்பிட்டுப் பாருங்கள். மொகொ சாப்பிட்டு, பொசேயோ பாருங்கள். அங்கும் 'பார்' என்ற வினைதான் முயற்சியைக் குறிக்கிறது. செய்து கொடுப்பது, போய்க்கொண்டிருப்பது எல்லாவற்றுக்கும் இப்படித் துணைவினை உண்டு. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. ஐ, இல், இலிருந்து போல உருபுகள் பெயருக்குப் பின்னால்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. எழுவாயாக வரும் பெயருக்குப் பின்னால் 'நுன்' வருமா 'கா' வருமா என்பது பெரிய தலைவலி. நான் வைத்திருக்கும் குறுக்குவழி இது: பேச்சில் 'நான் வந்து மாணவி' என்று இழுப்போமே, அந்த 'வந்து' இருக்கும் இடத்தில் நுன். 'நான்தான்' என்று அழுத்தும் இடத்தில் கா. எல்லா இடத்துக்கும் பொருந்தாது, முதல் ஆண்டைத் தாண்டிவிடலாம்.

இன்னொன்று, 'நீங்கள்'. அகராதியைப் பார்த்து ஒரு பேராசிரியரிடம் 'தாங்ஷின்' என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன் என்று நினைப்பு. வகுப்பு அப்படியே உறைந்தது. கணவன் மனைவிக்குள் பேசும் சொல், முன்பின் தெரியாதவரோடு சண்டை போடும்போதும் எழும்பும் சொல். பெரியவர்களிடம் 'நீங்கள்' என்றே சொல்வதில்லை. 'க்யோசுனிம்', அதாவது பேராசிரியர் அவர்கள், என்று பதவியையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முறைப்பெயரிலும் கவனம். நமக்கு அண்ணன் யார் கூப்பிட்டாலும் அண்ணன். அங்கே பெண் கூப்பிட்டால் ஓப்பா, ஆண் கூப்பிட்டால் ஹ்யோங். டிவி தொடர் பார்த்து மொழி கற்ற ஒரு பையன் மூத்த மாணவரை ஓப்பா என்று அழைத்து, ஒரு வருடம் அந்தப் பட்டப்பெயரோடு திரிந்தான். பார்த்ததும் வயது கேட்பதும் வம்புக்கு இல்லை, எவ்வளவு மரியாதையாகப் பேசுவது என்று முடிவு செய்யத்தான்.

பண்பாட்டுத் தாளுக்குப் பலர் பண்டிகைப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிட மொழிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். ஒரே பிள்ளையாக இருந்தாலும் 'ஊரி ஒம்மா' என்பார்கள், எங்க அம்மா. கணவர்கூட ஊரி நம்ப்யொன், நம் 'எங்க வீட்டுக்காரர்' மாதிரி. 'சாப்பிட்டாச்சா' என்பது அங்கேயும் நலம் விசாரிப்புதான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லாமல் 'தான்யொ ஓகெஸும்னிதா' என்பார்கள்: போய்விட்டு வருகிறேன். வரலாற்றில் 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி, 1950 முதல் 1953 வரை கொரியப் போர், 1980 குவாங்ஜூ நகர மக்களின் எழுச்சி, 1987 ஜூன் ஜனநாயகப் போராட்டம், 1997 நிதி நெருக்கடி. இவற்றை வரிசையாகப் பிடித்துக்கொண்டால் நவீன இலக்கியமும் திரைப்படமும் புரியும்.

இந்த ஒற்றுமைகளைக் காட்டி 'தமிழிலிருந்துதான் கொரியம் வந்தது' என்று மட்டும் கட்டுரை எழுதிவிடாதீர்கள். அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டார், இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அப்பா அங்கும் அப்பாதான், அது போன்ற மழலைச் சொற்கள் பல மொழிகளில் ஒத்திருக்கும். உறவு இல்லாவிட்டால் என்ன, உதவி உதவிதான்.

சொற்களைத் தனித்தனியாக நெட்டுருப் போடாமல் வேரோடு பிடுங்குங்கள். கொரியச் சொற்களில் பாதிக்கு மேல் சீன வேர் கொண்டவை. 'ஹக்' என்றால் கல்வி. ஹக்க்யோ பள்ளி, ஹக்சேங் மாணவர், தேஹக் பல்கலைக்கழகம், சூஹக் கணிதம், பாங்ஹக் விடுமுறை, யூஹக் வெளிநாட்டுப் படிப்பு. ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன், ஆறு மாதத்தில் அகராதியைத் திறப்பது பாதியாகக் குறைந்தது.

எண்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அங்கே எண் வரிசையே இரண்டு: மணிக்குச் சொந்தக் கொரிய எண், நிமிடத்துக்குச் சீன வேர் கொண்ட எண். மூன்று மணி இருபது நிமிடம் என்றால் ஒரே மூச்சில் இரண்டு வரிசையும் வரும். பெரிய எண்களை அவர்கள் பத்தாயிரத்தில் எண்ணுவார்கள், அதற்குப் பெயர் மான். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான், கோடி ஆயிரம் மான். கடைசி நான்கு இலக்கத்தை விரலால் மறைத்துப் படித்துப் பழகுங்கள்.

கடைசியாக, கொரிய மொழித் திறனை அளக்கும் டோப்பிக் தேர்வு. முதல் பிரிவு 200 மதிப்பெண்: 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. இரண்டாம் பிரிவு 300 மதிப்பெண்: 120இல் மூன்றாம் நிலை, 230இல் ஆறாம் நிலை. நம்மைக் கவிழ்ப்பது இரண்டாம் பிரிவின் எழுத்துப் பகுதிதான். 54ஆம் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்துக்குள் கட்டுரை எழுத வேண்டும், காகிதத் தேர்வில் அதுவும் கட்டம் போட்ட தாளில். வீட்டில் வெறும் தாளில் எழுதிப் பழகியதால் எனக்கு இடைவெளிக் கட்டங்களெல்லாம் குழம்பின. முதல் நாளிலிருந்தே கட்டத் தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்று இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையில் மேற்படிப்புக்கு முயல்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். அதில் பொதுவாக முதல் ஓராண்டு மொழிப் படிப்பு, ஐந்தாம் நிலை கையில் இருந்தால் அந்த ஆண்டு தேவையில்லை. ஆகவே முதல் ஆண்டு ஆர்வத்தில் உடனே ஓடிப்போய் எழுதாமல், விண்ணப்பிக்கும் சமயத்தில் சான்று உயிரோடு இருக்கும்படி இறுதி ஆண்டுக்குச் சற்று முன்னால் எழுதுங்கள்.