நாற்பத்தைந்தில் வரும் சலிப்பு: அவசரப்பட்டுச் செய்யும் பிழைகள்

பிள்ளை ஓ.எல். பரீட்சை எழுதுகிறது, வீட்டுக்கடன் பாதி முடிந்துவிட்டது, கந்தோரிலும் பெரிய பிரச்சினை இல்லை. ஆனாலும் பின்னேரம் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் போய் நின்றால் ‘இவ்வளவுதானா?’ என்று மனம் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு உடனே ஒரு குற்றவாளியைப் பிடிப்பதுதான் முதல் பிழை. அநேகமாக அகப்படுவது மனைவி, இல்லாவிட்டால் கணவன்.

பிளாஞ்ச்ஃபிளவர், ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2008இல் பல நாடுகளின் தரவுகளை வைத்து, மனநிறைவு நாற்பதுகளில் அடிமட்டத்துக்கு இறங்கிப் பிறகு ஏறுவதாகக் காட்டினார்கள். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 508 சிம்பன்சி, ஒராங்குட்டான்களைப் பற்றி அவற்றைப் பராமரிப்பவர்கள் சொன்னதிலும் இதே இறக்கம் தெரிந்தது. சிம்பன்சிக்கு லீசிங்கும் இல்லை, மாமியாரும் இல்லை.

இந்த நேரம் பார்த்து வரும் ஈர்ப்பை ‘இதுதான் உண்மையான அன்பு’ என்று நம்புவது அடுத்தது. பழைய வகுப்புத் தோழியாக இருக்கலாம், புதிதாக மாற்றலாகி வந்தவராக இருக்கலாம். உளவியலாளர் டோரதி டெனாவ் 1979இல் எழுதியபடி, இந்தப் பித்து பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று வருடம்தான் நிற்கும்.

ஈர்ப்பு வருவதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். வாட்ஸ்அப்பில் வீட்டுக் குறையைக் கதைக்கத் தொடங்கும்போதுதான் சறுக்குகிறது. “என்னோட ரெண்டு வார்த்தை கதைக்க ஆளில்ல” என்று வீட்டில் சொல்லவேண்டியது வெளியே போகிறது. வெளியே இருப்பவர் ஆறுதல் சொல்வார், அவருக்கு அதில் ஒரு செலவும் இல்லை. வீட்டில் சொன்னால் சண்டை வரும். ஏதாவது மாறவும் கூடும். செய்திகளை அழிக்கத் தொடங்கிவிட்டால் அது வெறும் நட்பில்லை என்று உங்களுக்கே தெரியும். கணவன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் குடும்பங்களில் இது இரண்டு பக்கமும் நடக்கிறது. ஊர் கதைப்பது மட்டும் பெண்ணைப் பற்றி.

மட்டக்களப்பு, அம்பாறை ஆண்கள் கணக்கில் எடுக்க மறக்கும் ஒன்று உண்டு. இங்கே வீடு பெரும்பாலும் மனைவியின் சீதனம். கோபத்தில் வெளியேறுகிறவர் எங்கே போவார்? தாய்வீடு எப்போதோ தங்கச்சிக்குப் போயிருக்கும், அங்கே மச்சான் இருக்கிறார். அப்புறம் வாடகை அறைதான். விவாகரத்தும் நினைத்தவுடன் கிடைக்காது. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டமும் காதி நீதிமன்றமும் உள்ளன. கண்டியச் சட்டப்படி மணந்தவர்கள் தவிர்ந்த மற்றவர்கள் பொதுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் சோரம்போதல், வேண்டுமென்றே கைவிடல் போன்ற ஒரு காரணத்தை நிரூபிக்கவேண்டும். ‘மனம் ஒத்துவரவில்லை’ என்பது போதாது. தானே வீட்டைவிட்டுப் போனவர் அங்கே பிழைகாரராக நிற்கவேண்டி வரலாம். பெட்டி கட்டமுதல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கடன்பட்டுப் புது பைக், கார் வாங்குவதும் இதே தேடல்தான். சந்தோசம் சில மாதம், தவணை சில வருடம். சரி, வேறென்ன செய்யலாம்? ஆர்தர் ஏரன் குழுவினர் 2000இல் வெளியிட்ட பரிசோதனைகளில், புதிதான, உற்சாகமான ஒன்றைச் சேர்ந்து செய்த தம்பதியருக்கு உறவில் திருப்தி கூடியிருந்தது. கல்யாண வீடு, கோயில் திருவிழா தவிர இருவருமாகக் கடைசியாக எங்கே போனீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாசிக்குடாக் கடற்கரை அப்படியொன்றும் தூரமில்லை.

இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் விருப்பமில்லை என்றால் அதை வயதுச் சலிப்பு என்று தள்ளிவிடாதீர்கள், அது மனச்சோர்வாக இருக்கலாம். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.